கூட்டமா, இன்ஸ்டால் ஃபெஸ்டா, டி-ஷர்ட்டா? லினக்ஸ் குழுவுக்கு ஆள் சேர்க்கும் வழிகள்

விண்டோஸுக்கு மாற்றான கட்டற்ற இயங்குதளம் லினக்ஸ். ஒரு லினக்ஸ் பயனர் குழுவுக்குப் புதியவர்களை வரவழைக்க மூன்று வழிகளைத்தான் பெரும்பாலும் சொல்கிறார்கள். மாதாமாதம் கூட்டம் போடு, கணினியில் லினக்ஸ் நிறுவித் தரும் நாள் (இன்ஸ்டால் ஃபெஸ்ட்) வை, இல்லையென்றால் பரிசு கொடு. மூன்றுக்கும் ஆட்கள் வருவார்கள். மறுமுறையும் வருவார்களா என்பதை வைத்தே நான் எடை போடுகிறேன்.

பரிசு எனக்கு உடன்பாடில்லை. கட்டற்ற மென்பொருள் திட்டங்களுக்குப் பங்களிக்கத் தூண்டும் நிகழ்வாக 2014இல் தொடங்கியது ஹாக்டோபர்ஃபெஸ்ட். அதில் அக்டோபருக்குள் நான்கு புல் ரிக்வெஸ்ட் (ஒரு திட்டத்தில் சேர்க்கச் சொல்லி அனுப்பும் மாற்றம்) அனுப்பியவருக்கு டி-ஷர்ட் கிடைத்தது. 2020இல் ரீட்மீ எனும் அறிமுகக் கோப்பில் ஒரு சொல்லை மட்டும் சேர்த்து அனுப்பியவர்கள் பெருகி, திட்டங்களைப் பராமரிப்பவர்கள் திணறிப் போனார்கள். விருப்பம் தெரிவித்த திட்டங்களுக்கு அனுப்பியவை மட்டுமே கணக்கில் சேரும் என்று நடுவில் விதியை மாற்ற வேண்டியதாயிற்று.

மாதக் கூட்டத்தின் பலம் அதன் நிலையான தேதி. 1998இல் தொடங்கிய சென்னை லினக்ஸ் பயனர் குழு என்றாலே இரண்டாவது சனிக்கிழமைதான் பலருக்கும் நினைவுக்கு வரும். எப்போது, எங்கே என்று யாரையும் கேட்க வேண்டாம், நேரே போகலாம். ஆனால் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் பற்றிய ஒரு மணி நேர உரையில் கடைசி வரிசையில் உட்கார்ந்த கல்லூரி மாணவி, யாரிடமும் ஒரு சொல் பேசாமல் வீடு திரும்பிவிட முடியும். காஞ்சி லினக்ஸ் பயனர் குழு போல வாராவாரம் இணையத்தில் கூடினால் தொலைவு தடையாகாது. ஆனால் மைக்கை அணைத்துவிட்டு ஒதுங்கியிருப்பது அங்கே இன்னும் எளிது.

இன்ஸ்டால் ஃபெஸ்டுக்கு வருபவர் தேவையோடு வருகிறார். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லாத கணினிகளை விண்டோஸ் 11க்கு மாற்றுவதை மைக்ரோசாஃப்ட் ஆதரிப்பதில்லை. நன்றாக ஓடும் மடிக்கணினியைத் தூக்கிப் போட மனமில்லாதவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

இதிலும் ஒரு சிக்கல். தன்னார்வலரே கீபோர்டை வாங்கிக்கொண்டு பத்து நிமிடத்தில் வேலையை முடித்துவிட்டால், வந்தவர் நன்றி சொல்லிவிட்டுப் போய்விடுவார். அடுத்த வாரம் வைஃபை வேலை செய்யாதபோது பழையதற்கே திரும்பிவிடுவார். நேரமானாலும் பரவாயில்லை, பேக்கப் எடுப்பது, பென் டிரைவிலிருந்து பூட் செய்வது, தமிழ்99 விசைப்பலகையை அமைப்பது எல்லாவற்றையும் அவர் கையாலேயே செய்ய வையுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால் போதும்.

ஒன்றைத்தான் நடத்த முடியும் என்றால் என் வாக்கு இன்ஸ்டால் ஃபெஸ்டுக்கே. அதை மாதக் கூட்டத்துக்கு முந்தைய இரண்டு மணி நேரத்தில், அதே அறையில் வைப்பது இன்னும் நல்லது. அடுத்த மாதம் வைஃபை சிக்கலோடு அவர் திரும்பி வர ஓர் இடமும் தேதியும் இருக்கும். வந்தவரிடம் புதிதாக வந்த இன்னொருவரின் கணினியை ஒப்படையுங்கள். பரிசுக்கென்று ஒதுக்கிய பணம் இருந்தால், பென் டிரைவும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் வாங்கிவிடலாம்.