மூன்று மடக்குக்கத்திகளும் ஒரு பெயர்த் தகராறும்

என் மேசை இழுப்பறையில் தேனீ பொறித்த மடக்குக்கத்தி ஒன்று கிடக்கிறது. அலகில் ‘லயோல்’ என்ற பெயர் இருக்கிறது. எந்த ஊரில், எந்தப் பட்டறையில் செய்தது என்பது எங்கும் இல்லை. விரித்தால் அலகு ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும். பிரான்ஸின் வட்டாரக் கத்திகளைச் சேர்க்கத் தொடங்குகிறவர்களில் பலருக்கு முதல் கத்தி இப்படித்தான் வாய்க்கிறது. அதனால் லயோல், ஒபினெல், நோன்த்ரோன் மூன்றையும் எடைபோடும்போது அழகைவிட முதலில் நான் கேட்பது வேறு: இந்தப் பெயருக்குப் பொறுப்பேற்க யார் இருக்கிறார்கள்?

லயோல் என்பது அவேரோன் மாவட்டத்தில், ஓப்ராக் பீடபூமியில் சுமார் 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கும் சிற்றூர். 1829-ஐ ஒட்டி அங்கே உருவான மெலிந்த கத்தி, மாடு வளர்ப்பவர்களின் கத்தி. அதன் உறுப்புகள் அந்த மக்களின் வாழ்க்கையிலிருந்தே வந்தவை. வயிறு உப்பிய மாட்டைக் குத்தி வாயுவை வெளியேற்றக் குத்தூசி சேர்ந்தது. பிழைப்புத் தேடிப் பாரிஸுக்குப் போய்க் காப்பிக்கடையும் மதுக்கடையும் வைத்த ஊர்க்காரர்களுக்காக 1880-இல் தக்கைத் திருகி சேர்ந்தது. பிடியில் ஆணிப் புள்ளிகளால் ஒரு சிலுவை இருக்கும். மேய்ச்சல் நிலத்தில் கத்தியை ரொட்டியில் குத்தி நிறுத்தி, அதன் முன் ஜெபம் செய்தார்கள் என்று கதை சொல்வார்கள். நம்புவது உங்கள் விருப்பம். ஆனால் தேனீச் சின்னத்தை நெப்போலியன் பரிசாகக் கொடுத்தார் என்று விற்பவர் ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடுங்கள். நெப்போலியன் 1821-இல், கத்தி பிறக்கும் முன்பே, இறந்துவிட்டார். தேனீ வந்தது 20-ஆம் நூற்றாண்டில்.

சிக்கல் பெயரில்தான். லயோல் என்பது ஒரு நிறுவனத்தின் பெயரல்ல, ஒரு வடிவத்தின் பெயர். யாரும் செய்யலாம், எந்த நாட்டிலும் செய்யலாம். 20-ஆம் நூற்றாண்டில் தயாரிப்பு பெரும்பாலும் கத்தித் தொழிலுக்குப் பெயர்போன தியேர் நகரத்துக்குப் போய்விட்டது. ஊரில் தொழில் மீண்டும் நிமிர்ந்தது 1980-களில்தான். பிறகு 1993-இல் வெளியூர்த் தொழிலதிபர் ஒருவர் ஊர்ப் பெயரையே வணிகச் சின்னமாகப் பதிவு செய்துகொண்டார். வழக்கில் தோற்ற கோபத்தில் 2012-இல் ஊர்க்காரர்கள் தங்கள் ஊர்ப் பெயர்ப் பலகையையே கழற்றினார்கள்.

இதற்காகத் தியேரைக் குறைத்துப் பேசுவது அநியாயம். தூரோல் ஆற்றின் வேகத்தில் சாணைக்கல் சுழல, பலகையில் குப்புறப் படுத்து அலகு தீட்டிய தொழிலாளிகளின் ஊர் அது. குளிருக்குக் கதகதப்பாகக் காலின் மேல் நாயைப் படுக்க வைத்துக்கொள்வார்கள். தியேரில் செய்த நல்ல லயோலும் உண்டு. அலகில் பட்டறையின் பெயர் இருக்கிறதா என்பதே சோதனை. அப்படிப் பெயர் போட்ட கத்தி 100 யூரோவை எளிதாகத் தாண்டும்.

ஒபினெலில் இந்தத் தலைவலி கிடையாது. ஆல்ப்ஸ் மலைப்பகுதியான சவோயில் 1890-இல் ஜோசப் ஒபினெல் செய்த கத்தி. இன்றும் அதே வட்டாரத்தில், ஷாம்பெரியில் தயாராகிறது. மணிமுடி தரித்த கைதான் சின்னம், 1909-இல் பதிவானது. பீச் மரப் பிடி, ஒற்றை அலகு, அவ்வளவுதான். விலை 8-ஆம் எண்ணுக்கு (எண் கூடக் கூடக் கத்தி பெரிது) 10–15 யூரோ.

சேர்ப்பவருக்கு இதுவே குறையும்கூட. 2 முதல் 12 வரை (11 இல்லை) பத்துக் கத்திகளையும் ஒரே பெட்டியில் வாங்கிவிடலாம். தேடுவதற்கு என்ன மிச்சம்? மிச்சம் இருப்பது பழையவற்றில். விரித்த அலகைப் பூட்டும் சுழல் பூண் வந்தது 1955-இல். 6-ஆம் எண்ணோ அதற்கு மேலோ உள்ள கத்தியில் அந்தப் பூண் இல்லையென்றால், அது அதற்கு முந்தையது என்று எண்ணலாம். தொடக்கத்தில் இருந்த 1, 11 ஆகிய எண்கள் பின்னர் கைவிடப்பட்டவை. கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

கார்பன் எஃகு அலகு எலுமிச்சை பட்டால் கறுக்கும், துடைக்காவிட்டால் துருப்பிடிக்கும். அரிவாள்மணை புழங்கிய வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. மழைக்காலத்தில் பிடி ஊதி அலகைக் கவ்விக்கொண்டால், பிடியின் அடியை மேசையில் ஒரு தட்டு தட்டினால் அலகு தலைகாட்டும். சவோய்க்காரர்களின் பெயரையே இந்தத் தட்டுக்கு வைத்திருக்கிறார்கள்.

பூட்டைப் பொறுத்தவரை லயோல் மற்ற இரண்டுக்கும் எதிர்முகாம். அதில் பூட்டே இல்லை. முதுகிலிருக்கும் வில்லின் இறுக்கம்தான் அலகை நிறுத்துகிறது. ‘டக்’ என்று மூடினால் அலகின் கூர் வில்லில் மோதி மழுங்கும். மெதுவாக மூட வேண்டும்.

நோன்த்ரோன் தோர்தோஞ் மாவட்டத்து ஊர். கத்தியும் ஊரும் பிரியவில்லை என்பதுதான் என்னை முதலில் இழுத்தது. பாக்ஸ்வுட் என்னும் இளமஞ்சள் மரத்தில் பிடி, பித்தளைச் சுழல் பூண், பிடியில் சூடுபோட்ட குறிகள்: கவிழ்த்த ‘வி’ போல ஒன்று, கூடவே மூன்று புள்ளிகள். அதன் பொருளை ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். பிடியின் அடிப்பகுதி கெண்டைமீன் வால் போலவும் இருக்கும், உருண்டையாகவும் இருக்கும், மரச்செருப்பு வடிவிலும் இருக்கும். வால்நட் ஓட்டுக்குள் அடங்கும் குட்டிக் கத்திகளும் செய்கிறார்கள். அவை நிஜமாகவே திறந்து மூடும். விலை ஒபினெலைவிடப் பல மடங்கு. தக்கைத் திருகி, தேனீ போன்ற ஆடம்பரத்தை எதிர்பார்ப்பவருக்கு ஏமாற்றமாக இருக்கலாம்.

எனக்கு இல்லை. ஒரே ஒரு கத்தி என்றால் நோன்த்ரோன். அன்றாடம் மாம்பழம் நறுக்க ஒபினெல் 8. லயோல், பட்டறையின் பெயரைப் படித்த பிறகு மட்டும். தகட்டை மடித்துப் பிடியாக்கிய தியேரின் தூக்-தூக் என்ற மடக்குக்கத்தியும் மலிவானதுதான், ஆனால் அது பசிபிக் தீவுகளின் சந்தைக்காகப் பிறந்தது. வட்டாரக் கத்தி வரிசையில் வைக்க எனக்குத் தயக்கம்.

கத்தியைப் பரிசாகக் கொடுத்தால் நட்பு அறுந்துவிடும் என்று பிரான்ஸில் ஒரு நம்பிக்கை உண்டு. பெறுபவர் ஒரு சில்லறைக் காசு கொடுத்து அதை விலைக்கு வாங்கியதாக்கிவிடுவார். என் தேனீக் கத்தியை நண்பர் ஒருவர் வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அந்த ஒரு காசுக்கு மேல் கேட்க எனக்கு மனம் வரவில்லை.