ஓடுகிற பம்பை மாற்றினேன்: 14 மாதம், 82,000 கிலோமீட்டர் கழித்து

போன வாரம் ராசிபுரத்திலிருந்து ஒரு தம்பி போன் போட்டார். என் லாரி மாதிரியே 2018 மாடல், பிஎஸ்4 புகை விதிப்படி வந்தது, பன்னிரண்டு சக்கரம். கிலோமீட்டர் ஐந்தேகால் லட்சம் தொட்டிருக்கிறது. "ஏனுங்ணா, நீங்க டீசல் பம்பைக் கெட்டுப்போறதுக்கு முன்னாடியே மாத்துனீங்கல்ல? பட்டறைல எனக்கும் மாத்தச் சொல்றாங்க. மாத்தீரலாங்களா?" என்று கேட்டார். அரை மணி நேரம் பேசினேன். வைத்த பிறகுதான் முக்கியமானதைச் சொல்லாமல் விட்டுவிட்டோம் என்று பட்டது. ஒத்தை வண்டி வைத்திருக்கிறவனுக்கு இது சின்ன முடிவு இல்லை. அதனால் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

என்னுடையது சங்ககிரி வண்டி. பெரும்பாலும் நாக்பூர், ராய்ப்பூர் லைன். ஒரு நடை டிரைவர், ஒரு நடை நான். பம்பை மாற்றியபோது 5,40,000 ஓடியிருந்தது. அதுவரை அந்தப் பம்ப் ஒரு நாள் கூட என்னை ரோட்டில் நிறுத்தியதில்லை. ஆதிலாபாத் பக்கம் மே மாத வெயிலிலும், நாக்பூர் தாண்டி டிசம்பர் குளிரிலும் ஒரே மாதிரி வேலை செய்தது. அதைக் குறை சொன்னால் எனக்கு நாக்கு அழுகும்.

பிறகு ஏன் மாற்றினேன் என்றால், காலை ஸ்டார்ட்டிங். செல்ஃப் அடித்த ஒன்றிரண்டு நொடியில் பிடிக்கிற இன்ஜின், ஆறு ஏழு நொடி இழுக்க ஆரம்பித்தது. ஒருமுறை ஸ்டார்ட் ஆகிவிட்டால் நாள் முழுக்க எந்தக் குறையும் இல்லை. டீக்கடையில் நிறுத்தி எடுத்தால் சட்டென்று பிடிக்கும். இரவு முழுக்க நின்ற வண்டி மட்டும் இழுக்கும். இந்தப் பம்ப் டீசலை அழுத்தி 'ரயில்' என்கிற குழாயில் சேர்க்கும், அங்கிருந்து இன்ஜெக்டர்கள் இன்ஜினுக்குள் பீச்சும். ஸ்கேனர் போட்டுப் பார்த்த பட்டறையில், "ரயில் பிரஷர் ஏற லேட் ஆவுதுங்க, அஞ்சு லட்சம் தாண்டிருச்சு, பம்ப் வீக். உடைஞ்சு தூள் விட்டுச்சுன்னா ரயில், ஆறு இன்ஜெக்டர், பைப், டேங்க் கிளீனிங் எல்லாம் சேர்ந்து ரெண்டரை லட்சத்துக்குக் குறையாது" என்றார்கள். அந்த ரெண்டரை லட்சம் என்ற சொல் என்னைத் தூங்கவிடவில்லை.

அதே சமயத்தில் வாட்ஸ்அப்பில் அமெரிக்க வீடியோ ஒன்று சுற்றியது. பிக்கப் டிரக் பம்ப் உள்ளே நொறுங்கி, டீசலோடு இரும்புத் துகள் வெள்ளி மாதிரி மின்னிக்கொண்டு வரும். ராசிபுரத்துத் தம்பியும் அதைப் பார்த்துத்தான் பயந்திருக்கிறார். அந்த வீடியோ உண்மைதான். அது சிபி4 என்கிற பம்ப். கேம் என்கிற, தண்டோடு சுழலும் மேட்டின் மேல் உருளை ஓடுகிற அமைப்பு. உருளையைப் பிடித்திருக்கிற டாப்பெட் என்கிற கூடு தன் துளைக்குள்ளேயே திரும்பிவிட்டால், உருளை ஓடாமல் கேமைச் சீவ ஆரம்பிக்கும். 2019, 2020 மாடல் ராம் டிரக்குகளை 2021ல் இரண்டு லட்சத்துக்கும் மேல் திரும்ப அழைத்துப் பம்பை மாற்றிக் கொடுத்தார்கள். பதிலுக்குப் போட்டது அதற்கு முந்தைய சிபி3 வகை. என் வண்டியில் இருப்பது அந்தப் பழைய மாதிரிதான்: மூன்று பிஸ்டன், சீவுகிற உருளை கிடையாது. அந்த ஊர் டீசலும் வேறு. உரசல் சோதனையில் அங்கே 520 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான்) வரை தேய்மானத் தழும்பு விழலாம். நம் டீசலுக்கு 460க்கு மேல் போகக் கூடாது என்று விதி. எண் சிறியதாக இருந்தால் வழவழப்பு அதிகம். ஆகவே அந்த வீடியோவைப் பார்த்து நம் வண்டிக்குத் தீர்ப்பு எழுத வேண்டியதில்லை. இதெல்லாம் எனக்குப் பணம் கொடுத்த பிறகுதான் தெரிய வந்தது.

புதுப் பம்ப் 71,000. பில்டர், வாஷர், கூலி எல்லாம் சேர்த்து 78,000. பழையதைக் கொடுத்தால் 9,000 கழிப்பதாகச் சொன்னார்கள். ஏனோ கொடுக்க மனசு வரவில்லை, சாக்கில் சுற்றி வீட்டுக்கு எடுத்து வந்தேன். மறுநாள் காலை செல்ஃப் அடித்தேன். ஏழு நொடி.

அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தை எழுத முடியாது. பட்டறையில் கேட்டால், "புதுசுங்க, செட் ஆக நாலு நாள் ஆகும்" என்றார்கள். நாலு நாள் இரண்டு மாதம் ஆனது.

இங்கேதான் இந்த வண்டியில் எனக்கு ஏழு வருடமாகத் தீராத ஒரு எரிச்சலைச் சொல்ல வேண்டும். டேங்கிலிருந்து வரும் டீசல் முதலில் வாட்டர் செப்பரேட்டருக்குள் போகும். அதன் அடியில் தண்ணீர் திறந்துவிடுகிற ஒரு திருகு இருக்கிறது. அதைச் சேசிஸுக்கு உட்பக்கம், ஏர் டேங்குக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். முழுக் கையும் நுழையாது. சேசிஸில் தோளைச் சாய்த்து, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, மூன்று விரல் நுனியால் தடவித்தான் திருக வேண்டும். அதுவும் பிளாஸ்டிக். கொஞ்சம் கூடுதலாக இறுக்கினால் மரை போய்விடும். திறந்ததும் டீசல் விரல் வழியாக இறங்கி முழங்கைக்கு வந்து சட்டைக்குள் போகும். குளித்து, திருநீறு வைத்து, வண்டி எடுக்கப் போகிற நேரத்தில் தினமும் இது. டிரைவர் இதைச் செய்யவில்லை என்றால் அவனைத் திட்ட எனக்கு வாய் வராது. நாலு இஞ்ச் வெளியே தள்ளி வைத்திருந்தால் எல்லாரும் செய்வார்கள், எத்தனையோ வண்டிகளின் பம்ப் பிழைத்திருக்கும். அதை வரைந்தவர் ஒரே ஒரு நாள் காலையில் கையை விட்டுப் பார்த்திருந்தால் போதும்.

ஆனாலும் நான் திறந்துவிடுவேன். ஊறுகாய் பாட்டிலில் பிடித்து வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால் டீசலுக்கு அடியில் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு கிடக்கும். பாட்டிலை ஆட்டினால் ஒன்றோடு ஒன்று சேர்ந்து, ஒரு ரூபாய் காசு அளவுக்குத் தட்டையாக நிற்கும். மழைக்காலத்தில் அதிகம். பாதி டேங்கோடு குளிரில் இரவு நிறுத்தினால் காலியான பகுதியில் ஈரம் கோர்த்து, காலையில் அது தண்ணீராக இறங்கியிருக்கும். அந்தத் தண்ணீர் பம்புக்குள் போனால் என்ன ஆகும் என்பதை, நாமக்கல்லில் டீசல் பம்ப் மட்டுமே பார்க்கிற பெரியவர் ஒருவர் எனக்குச் சொன்னார்.

இரண்டு மாதம் கழித்து வண்டியை அவரிடம்தான் கொண்டுபோனேன். பழைய இன்லைன் பம்ப் காலத்திலிருந்து அந்த வேலையில் இருக்கிறவர். "அந்தப் பம்புக்கு இன்ஜின் ஆயில் தனியா போவும். உங்க பம்புக்கு டீசலேதான் ஆயில்" என்றார். லாரி டயரில் நாம் பிடிக்கிற காற்று எட்டு பார் என்றால், இந்தப் பம்ப் கொடுக்கிற அழுத்தம் 1,600 பார், அதாவது இருநூறு மடங்கு. அதைத் தாங்குவதற்கு உள்ளே ஏறி இறங்குகிற பிளஞ்சருக்கும் அது ஓடுகிற பேரலுக்கும் நடுவில் விட்டிருக்கிற இடைவெளி சில மைக்ரான்தான், தலைமுடிக் கனத்தில் பத்தில் ஒரு பங்கு கூட இருக்காது. அங்கே டீசல் படலம் இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீரோ காற்றோ வந்தால் இரும்பும் இரும்பும் உரசும். பிஎஸ்3 காலத்தில் டீசலில் 350 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 350 பங்கு, கந்தகம் இருந்தது. 2017ல் நாடு முழுக்க 50 ஆனது, 2020ல் 10. கந்தகத்தை எடுக்கும்போது டீசலின் இயல்பான வழவழப்பும் கூடவே போய்விடுவதால், அதற்கென்று மருந்து கலந்துதான் பெட்ரோல் பங்குக்கு அனுப்புகிறார்கள். ரோட்டோரம் கேனில் விற்கிற "பயோ டீசல்", மண்ணெண்ணெய் கலந்த சரக்கு எல்லாம் இந்தப் பம்புக்கு விஷம் ஆவது இதனால்தான். "பம்ப் தானாச் சாவறதில்லீங்க. ஊத்தறதுதான் கொல்லுது" என்று சொல்லிவிட்டு வேலையை ஆரம்பித்தார்.

முதலில், மிச்ச டீசலைத் திருப்பி அனுப்புகிற ஆறு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் பைப்பையும் ஆறு பாட்டிலில் விட்டு, இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டார். ஆறும் கிட்டத்தட்ட ஒரே மட்டம். ஏதாவது ஒரு இன்ஜெக்டர் தேய்ந்து ரிட்டர்னில் ஒழுகவிட்டால், பம்ப் எவ்வளவு நன்றாக இருந்தாலும் ரயிலில் பிரஷர் ஏற நேரம் பிடிக்கும். அது பம்ப் வீக் போலவே தெரியும். என் வண்டியில் அது இல்லை. அடுத்து செப்பரேட்டருக்கும், டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சுகிற ஃபீட் பம்புக்கும் நடுவில், உள்ளே ஓடுவது தெரிகிற கண்ணாடி ஹோஸ் ஒரு முழம் சொருகி, "இன்னிக்கு ராத்திரி இங்கேயே நிக்கட்டும்" என்றார்.

மறுநாள் காலை ஆறு மணி. டார்ச் அடித்துப் பார்த்தால் ஹோஸில் பாதிக்கு டீசல் இல்லை. நான் மேலே ஏறிச் செல்ஃப் அடித்தேன், அவர் கீழே உட்கார்ந்து பார்த்தார். பிறகு இடம் மாறி நான் பார்த்தேன். கடுகு கடுகாகக் காற்றுக் குமிழ் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தது. வெளியே ஒரு சொட்டுக் கசிவு கிடையாது. அந்தப் பக்கம் டீசலை உறிஞ்சுகிற லைன் என்பதால் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். இரவில் நிறுத்தியதும் அந்த வழியாகக் காற்று புகுந்து, லைனில் இருக்கிற டீசல் டேங்குக்கே திரும்பிவிடும். காலையில் காற்றை வெளியே தள்ளி டீசல் வந்து சேர ஏழு நொடி.

காற்று போன இடம், நான் ஏழு வருடமாகத் திட்டிக்கொண்டிருக்கிற அதே திருகு. தினமும் திறந்து மூடியதில் அதன் ரப்பர் வளையம், ஓ-ரிங், தேய்ந்து ஒரு பக்கம் வெட்டுப்பட்டிருந்தது. விலை 40 ரூபாய். புதுசு போட்டு, ஹேண்ட் பிரைமரில் அடித்து ஏர் எடுத்தார். மறுநாள் காலை இரண்டு நொடியில் பிடித்தது. இன்று வரை அப்படித்தான்.

அந்த 78,000 மட்டும் அல்ல, இன்னொன்றும் எனக்கு வலித்தது. புதுப் பம்ப் இரண்டு மாதம் ஒவ்வொரு காலையும் காற்றைக் குடித்திருக்கிறது. பழைய பம்ப் அதற்கு முன் எத்தனை மாதம் குடித்ததோ. அதைப் பார்த்துவிட வேண்டும் என்று பழைய பம்பைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பம்புக்குள் போகிற டீசலை அளந்து விடுகிற மீட்டரிங் யூனிட்டைக் கழற்றி, அதன் மயிரிழை வலையை வெள்ளைத் துணியில் துடைத்துக் காட்டினார். கறுப்பாக லேசான அழுக்கு, மினுமினுப்பு ஒரு புள்ளி கூட இல்லை. பிளஞ்சரை வெளியே எடுத்து ஜன்னல் பக்கம் திருப்பினார். கண்ணாடி மாதிரி இருந்தது, நீளவாக்கில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இரண்டு கோடு, நகத்தால் வருடினால் தட்டுப்படவில்லை. டெஸ்ட் பெஞ்சில் ஏற்றிப் பார்த்தார். சீல் மட்டும் மாற்றிக் கொடுத்து, "இன்னும் ரெண்டு லட்சம் பார்க்குமுங்க" என்றார். 5,40,000 கிலோமீட்டர் ஓடிய சாமான். அதைச் செய்தவர்களை மனசாரப் பாராட்டுகிறேன்.

புதுப் பம்ப் போட்டு என்ன மாறியது என்று கேட்டால், மைலேஜ் லோடோடு லிட்டருக்கு 3.9 கிலோமீட்டர் இருந்தது, அதே 3.9. பிக்கப் அதே. ஸ்டார்ட்டிங் சரியானது 40 ரூபாயில்.

ஆகவே ராசிபுரத்துத் தம்பிக்கு என் பதில்: மாற்றாதீர்கள். கிலோமீட்டரை மட்டும் பார்த்து மாற்றவே மாற்றாதீர்கள். ரிட்டர்ன் டெஸ்ட், கண்ணாடி ஹோஸ், மீட்டரிங் யூனிட்டைக் கழற்றி வெள்ளைத் துணி, இந்த மூன்றுக்கும் கூலி சில ஆயிரம்தான். துணியில் மினுமினுப்பு தெரிந்தால் அதற்கப்புறம் ஒரு முறை கூடச் செல்ஃப் அடிக்கக் கூடாது, அந்த இடத்திலேயே பம்பை இறக்கிவிட வேண்டும். தெரியவில்லை என்றால் அந்தப் பணத்தில் நல்ல பில்டர் வாங்குங்கள், புத்தகத்தில் போட்டிருக்கிற கிலோமீட்டருக்கு முன்பாகவே மாற்றுங்கள். வருடம் ஒருமுறை டேங்கை இறக்கிக் கழுவுங்கள். ஓ-ரிங் நாலு வாங்கி டேஷ்போர்டில் போட்டு வையுங்கள்.

என் வண்டியைப் பற்றிக் கேட்டால் மட்டும் என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. அடுத்த ஐந்து லட்சத்திலும் மாற்றுவேன் என்றுதான் மனசு சொல்கிறது. தர்மபுரியிலிருந்து வரும்போது தொப்பூர் இறக்கத்தில் பின்னால் இருபது டன் தள்ளும். கியரில் இருக்கிறவரை இன்ஜின் அணைந்தாலும் சக்கரம் அதைச் சுழற்றிக்கொண்டிருக்கும், ஸ்டியரிங் கிடைக்கும், பிரேக்குக்குக் காற்றும் ஏறும். கிளட்ச்சை மிதித்த நொடியில் ஸ்டியரிங் கல்லாகிவிடும். பம்ப் வீக் என்று சொன்ன பிறகு மூன்று நடை அந்த இறக்கத்தில் வந்தேன். ஒவ்வொரு வளைவிலும் காது இன்ஜின் சத்தத்திலேயே இருந்தது, கை வேர்த்தது. புதுசு போட்ட பிறகு அந்த வேர்வை இல்லை. பம்பில் கோளாறே இல்லை என்று இப்போது தெரியும், தெரிந்தும் அப்படித்தான்.

பழைய பம்பைக் கிரீஸ் காகிதத்தில் சுற்றி, அம்மாவின் பழைய சேலையைக் கட்டி, கேபினில் படுக்கைக்கு அடியில் வைத்திருக்கிறேன். ஓடுகிற பம்ப் துகள் விட்டு உடைந்தால், ரயிலையும் இன்ஜெக்டரையும் கழுவாமல் இதைத் தூக்கிப் போட்டுப் பயன் இல்லை என்று பெரியவர் தெளிவாகச் சொல்லிவிட்டார். சீல் போய்க் கசிந்தாலோ, பிரஷர் மட்டும் குறைந்தாலோ உதவும். நாக்பூர் லைனில் ஒரு வருடமாக என் தலைமாட்டிலேயே கிடக்கிறது, இன்னும் பிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தம்பி வண்டியை ஓட்டிவரச் சொல்லியிருக்கிறேன். சனி ராத்திரியே வந்து நிறுத்தினால்தான் காலையில் குமிழ் தெரியும். கண்ணாடி ஹோஸ் ஒரு முழம் வெட்டி வைத்தாயிற்று.