வருஷ பிளான் கட்டினால் ரெண்டு மாசம் ஃப்ரீ என்று வந்தால்

தாம்பரத்துக்குத் தெற்கே உள்ள புறநகர்களில் வீட்டுக்கு பிராட்பேண்ட் போடப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மற்ற ஊர்களிலும் கதை பெரிதாக மாறாது என்றுதான் நினைக்கிறேன். விளம்பரத்தில் நாம் பார்ப்பது ஒரு பெரிய கம்பெனியின் பெயர். ஆனால் பல தெருக்களில் வீட்டுக்குக் கம்பி இழுப்பதும், மாதாமாதம் பணம் வாங்குவதும், மழையில் அறுந்தால் ஏணியோடு வருவதும் அந்த ஏரியா கேபிள் டிவி ஆபரேட்டர்தான். பிஎஸ்என்எல் ஃபைபர்கூட பல இடங்களில் உள்ளூர் பார்ட்னர் வழியாகத்தான் வீட்டுக்குள் வருகிறது. அதில் தப்பில்லை. நம் பணம் அந்த ஆபரேட்டரைத் தாண்டிக் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதில்தான் எங்கள் தெரு ஏமாந்தது.

எங்களுடையது 100 எம்பிபிஎஸ் பிளான். மாதம் 700 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 826. கலெக்‌ஷனுக்கு வரும் பையன் ஒருநாள், "அண்ணா, வருஷத்துக்கு மொத்தமா கட்டிட்டா ரெண்டு மாசம் ஃப்ரீ. கம்பெனி ஆஃபர், இந்த மாசத்தோட முடியுது" என்றான். பத்து மாதக் காசு 8,260. முதலாளியின் சொந்த ஜிபே நம்பருக்கு அனுப்பச் சொல்லிவிட்டு, கேபிள் டிவிக்குக் கிழித்துத் தரும் ரசீதுப் புத்தகத்திலிருந்து ஒரு சீட்டு கொடுத்தான். வருஷக் கணக்காக வீட்டுக்கு வந்துபோகிற பையன். தெருவில் பலரும் கட்டினார்கள்.

சில மாதம் ஒழுங்காக ஓடியது. அப்புறம் ஒரு காலையில் வீட்டு மோடம் பெட்டியில் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக மின்ன ஆரம்பித்தது. ஃபைபரில் வரவேண்டிய ஒளி வந்து சேரவில்லை என்று அதற்கு அர்த்தம். ரவுட்டரை அணைத்துப் போட்டெல்லாம் அது சரியாகாது, கம்பியிலேயே கோளாறு. ஆபரேட்டர் போனை எடுக்கவில்லை. சாயங்காலம் பையன் வேறொரு கம்பெனியின் பெட்டியோடு வந்து நின்றான்.

"கமிஷன் தகராறுண்ணா. நாங்க வேற கம்பெனிக்கு மாறிட்டோம். நீங்களும் புது பிளான் போட்டுக்கோங்க."

"கட்டின பணம் என்னப்பா ஆச்சு?"

"அதை அந்தக் கம்பெனிகிட்ட கேளுங்கண்ணா."

கேட்டோம். கஸ்டமர் கேர் பெண் பொறுமையாகத்தான் பேசினார். "சார், இந்த ஐடி மந்த்லி பிளான்லதான் இருக்கு. வேலிடிட்டி முடிஞ்சுபோச்சு." அதாவது, வருஷப் பணம் கம்பெனிக்குப் போகவே இல்லை. ஆபரேட்டர் அதைக் கையில் வைத்துக்கொண்டு மாதம் ஒருமுறை ரீசார்ஜ் போட்டுவந்திருக்கிறார். அதைவிட மோசமான செய்தி அடுத்து வந்தது. எங்கள் கணக்கில் பதிவாகியிருந்த மொபைல் நம்பர் என்னுடையது இல்லை. கடைசி நான்கு எண்களைச் சொன்னதும் புரிந்தது, அது ஆபரேட்டரின் நம்பர். ஓடிபி, பில், பிளான் முடிகிற எச்சரிக்கை எல்லாம் இத்தனை நாளும் அவருக்குத்தான் போயிருக்கின்றன. "ரிஜிஸ்டர்டு நம்பர்லேர்ந்து கூப்பிடுங்க சார்" என்று அந்தப் பெண் சொன்னபோது என்ன பதில் சொல்வது?

கம்பெனியும் யோக்கியம் என்று சொல்ல மாட்டேன். கடை போர்டில் தன் பெயரைப் போட விட்டுவிட்டு, பணம் என்று வந்ததும் "அவர் எங்கள் ஊழியர் இல்லை" என்கிறது. ஆபரேட்டரோ "புது கம்பெனியில அட்ஜஸ்ட் பண்ணித் தர்றேன்" என்கிறார். எழுதித் தரச் சொன்னால் மட்டும் பேச்சு மாறுகிறது.

பழைய கம்பிகளைக் கழற்றும்போது இன்னொன்றும் வெளியே வந்தது. ஃபைபர் என்று சொல்லிக் கொடுத்திருந்த எதிர்வரிசை வீடுகளுக்கு ஃபைபரே இல்லை. ஒரு வீட்டு மொட்டை மாடியில், கரண்டில் ஓடி நெட்டைப் பல வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஸ்விட்ச் பெட்டி வைத்து, அங்கிருந்து லேன் கேபிள் இழுத்திருக்கிறார்கள். அந்த வீட்டில் கரண்ட் போனால் மற்றவர்களுக்கு நெட் போகும். இன்வெர்ட்டர் இருந்தும் ஏன் இப்படி என்று அவர்கள் இத்தனை நாள் குழம்பியதற்குக் காரணம் இதுதான்.

ஆகவே, இணைப்பு போட்ட அன்றைக்கே, பையன் வீட்டில் இருக்கும்போதே, கம்பெனியின் ஆப்பை உங்கள் மொபைலில் இறக்கி உங்கள் நம்பரில் உள்ளே போய்ப் பாருங்கள். ஓடிபி உங்களுக்கு வரவில்லை என்றால் நம்பரை மாற்றிய பிறகு பையனை அனுப்புங்கள். பணத்தை அந்த ஆப்பிலேயே கட்டுங்கள், கம்பெனி பெயரும் அதன் ஜிஎஸ்டி எண்ணும் உள்ள பில்லை இறக்கி வையுங்கள். "எங்க மூலமா கட்டுனாத்தான் சர்வீஸுக்கு வருவோம்" என்று சில ஆபரேட்டர்கள் முறுக்குவார்கள். அப்படியென்றால் மாதம் மட்டும் கட்டுங்கள். ரெண்டு மாசம் ஃப்ரீயில் மிஞ்சுவது 1,652 ரூபாய், மாட்டுவது 8,260. மொபைல் நம்பரை 2011 முதல் நாடு முழுக்க வேறு கம்பெனிக்கு மாற்றிக்கொள்ள முடிகிறது. பிராட்பேண்டுக்கு அந்த வசதி கிடையாது. ஆபரேட்டர் கம்பியை உருவினால் கணக்கு அங்கேயே நின்றுவிடும்.

ஸ்பீடு, ஓடிடி விஷயங்களை அப்புறம் பார்க்கலாம். அன்லிமிடெட் என்கிற பல பிளான்களில் மாதம் 3,300 ஜிபி தாண்டினால் வேகம் குறையும், ஆனால் சாதாரண வீடு அதைத் தொடாது. பக்கத்து வீட்டில் கேட்க வேண்டியது, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்த பிறகு யாருக்கு எப்போது நெட் திரும்பி வந்தது என்பதைத்தான்.

ஏற்கெனவே மாட்டியவர்கள் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயை டேக் செய்து நேரத்தை வீணாக்க வேண்டாம், தனிநபர் புகார்களை அது விசாரிப்பதில்லை. கம்பெனியிடம் புகார் செய்து டாக்கெட் எண் (புகாரின் பதிவு எண்) வாங்குங்கள். சரியாகவில்லை என்றால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்குப் போங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதியுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். "டெலிகாம் கேஸ் அங்கே நிற்காது" என்று யாராவது பயமுறுத்தினால், நிற்கும் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது என்று சொல்லுங்கள். ஜிபே ஸ்கிரீன்ஷாட், சீட்டு, வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காதீர்கள். நாங்கள் சில வீட்டுக்காரர்கள் சேர்ந்து 1915-ல் பதிந்திருக்கிறோம், பதிலுக்குக் காத்திருக்கிறோம்.

பழைய பெட்டியைத் திருப்பிக் கேட்டு யாராவது வந்தால், அதன் சீரியல் நம்பரோடு எழுதி வாங்கிக்கொண்டே கொடுங்கள். இல்லாவிட்டால் அதற்கும் தனியாக ஒரு பில் வரலாம்.