பசுந்தேயிலை எடை ஆப்புக்கு எந்த டோக்கன்?

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரி என்று வைத்துக்கொள்வோம். சொந்தத் தோட்டம் கிடையாது, சிறு விவசாயிகளிடம் பசுந்தேயிலை வாங்கித் தூளாக்கும் ஃபேக்டரி. கட்டபெட்டு, சோலூர்மட்டம், கீழ்கோத்தகிரி என்று 40 இடங்களில் இலை ஷெட். ஷெட்டுக்கு ஒரு ஆண்ட்ராய்டு போன். யார் எத்தனை கிலோ போட்டார் என்பது அதில் ஏறும். ஆபீஸில் பிரவுசரைத் திறந்து கணக்குப் பார்ப்பார்கள். ஃபேக்டரி வாசலில் லாரி ஏறும் எடை மேடை, ஆள் தொடாமலே எடையை சர்வருக்கு அனுப்பும். மூன்றும் போய்ச் சேர்வது ஒரே வெப் ஏபிஐக்கு, அதாவது கோரிக்கைகளை வாங்கும் சர்வர் வாசலுக்கு. லாகின் முடிந்த பிறகு, "நான் இன்னார்தான்" என்பதற்கு ஒவ்வொரு தடவையும் எதைக் காட்டுவது? அப்படிக் காட்டும் சீட்டுக்குத்தான் டோக்கன் என்று பெயர்.

தேடிப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது ஜேடபிள்யூடி (JSON Web Token). எங்கள் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறோம்: மேலே சொன்ன மூன்றில் எதற்கும் அது முதல் தேர்வு அல்ல. மலையில் அதற்கென்று ஒரு இடம் உண்டு, அது கடைசியில் வருகிறது.

ஜேடபிள்யூடியா, ஒபேக் டோக்கனா

ஜேடபிள்யூடி 2015 மே மாதம் ஆர்எஃப்சி 7519 என்ற இணையத் தர ஆவணமாக வந்தது. புள்ளி வைத்துப் பிரித்த மூன்று துண்டு: தலைப்பு, விவரம், கையொப்பம். ஃபேக்டரி முத்திரை குத்திய எடைச் சீட்டு மாதிரி. முத்திரை சரியாக இருந்தால் போதும், புத்தகத்தைப் புரட்ட வேண்டாம். ஒபேக் டோக்கன் வெறும் ஒரு நீள எழுத்துச் சரம். கணக்குப் புத்தகத்தின் பக்க எண்ணைப் போல, புத்தகம் வைத்திருப்பவருக்கு மட்டுமே அதற்குப் பொருள்.

ஜேடபிள்யூடிக்கு ஆதரவாகச் சொல்லப்படும் பெரிய காரணம், ஒவ்வொரு கோரிக்கைக்கும் டேட்டாபேஸைத் தட்ட வேண்டாம் என்பது. கணக்குப் போடுங்கள். 40 போன், நிமிடத்துக்கு ஒரு எடை என்றால் நொடிக்கு ஒரு கோரிக்கை கூட இல்லை. இண்டெக்ஸ் போட்ட டேபிளில் ஒரு வரியைத் தேடுவது எந்தச் சின்ன சர்வருக்கும் சுமையே அல்ல. மிச்சம் பிடிக்க இங்கே ஒன்றும் இல்லை.

இழப்போ பெரிது. ஷெட்டில் இருந்த போன் பஸ்ஸில் காணாமல் போகிறது. ஒபேக் டோக்கன் என்றால் டேபிளில் ஒரு வரியை அழித்தால் தீர்ந்தது. ஜேடபிள்யூடி என்றால் காலாவதி ஆகும்வரை அது செல்லும். தடுக்க வேண்டுமானால் ரத்தான டோக்கன்களின் பட்டியல் வைத்து ஒவ்வொரு கோரிக்கையிலும் பார்க்க வேண்டும். அப்படியானால் டேட்டாபேஸைத் தட்டாமல் தப்பித்தது எங்கே?

ஒபேக் டோக்கனை இப்படி அமையுங்கள். ஆப்பரேட்டிங் சிஸ்டம் தரும் பாதுகாப்பான ரேண்டமில் இருந்து 32 பைட் எடுங்கள். அதை பேஸ்64யூஆர்எல் முறையில் எழுத்தாக்கினால் 43 எழுத்து வரும். போனுக்கு அதைக் கொடுங்கள், டேபிளில் அதன் எஸ்எச்ஏ-256 ஹேஷை (திரும்ப மூலத்தைக் கண்டுபிடிக்க முடியாத சுருக்கம்) மட்டும் வையுங்கள், அந்த நெடுவரிசைக்கு யூனிக் இண்டெக்ஸ். டேட்டாபேஸ் பேக்கப் வெளியே போனாலும் அதை வைத்து யாரும் உள்ளே வர முடியாது. இதற்கு பிகிரிப்ட் மாதிரி வேண்டுமென்றே மெதுவாக ஓடும் ஹேஷ் தேவையா என்று கேட்பார்கள். வேண்டாம். பிகிரிப்ட், ஆர்கான்2 எல்லாம் மனிதர் யோசித்து வைக்கும் பாஸ்வேர்டுக்கு. 256 பிட் ரேண்டமை ஊகித்துப் பிடிக்க வழியில்லை. கூடவே பயனர், எந்தப் போன், உருவான நேரம், கடைசியாகப் பயன்பட்ட நேரம், காலாவதி. கடைசியாகப் பயன்பட்ட நேரத்தை ஒவ்வொரு கோரிக்கையிலும் எழுதாதீர்கள், 5 நிமிடம் தாண்டியிருந்தால் மட்டும் எழுதினால் போதும்.

ஜேடபிள்யூடியைத்தான் எடுப்பேன் என்பவர்கள் தடுக்கி விழும் இடங்கள் இவை. எச்எஸ்256க்கு (கையொப்பமிடவும் சரிபார்க்கவும் ஒரே ரகசியம் பயன்படும் முறை) குறைந்தது 32 பைட் ரகசியம் வேண்டும். ஃபேக்டரி பெயரோடு 123 சேர்த்து வைத்தால், ஒரே ஒரு டோக்கன் கையில் கிடைத்தவர் தன் கம்ப்யூட்டரிலேயே சாவகாசமாக உடைத்துவிடுவார். எந்த அல்காரிதம் என்பதை டோக்கனின் தலைப்பைக் கேட்டு முடிவு செய்யக் கூடாது, சர்வரிலேயே எழுதி வைக்க வேண்டும். இல்லையென்றால் அல்காரிதம் "none" (எதுவுமில்லை) என்று போட்டுக் கையொப்பமே இல்லாமல் உள்ளே வருவார்கள். நடுத் துண்டு பூட்டப்பட்டதல்ல, யார் வேண்டுமானாலும் பிரித்துப் படிக்கலாம். விவசாயியின் வங்கிக் கணக்கு எண்ணை அதில் போடவே போடாதீர்கள்.

நேரக் குழப்பம் இன்னொன்று. காலாவதி என்பது 1970இல் இருந்து எண்ணிய நொடிகள். ஜாவாஸ்கிரிப்ட் தருவது மில்லிநொடி. 1000ஆல் வகுக்க மறந்தால் அந்த டோக்கன் கி.பி. ஐம்பதாயிரத்தையும் தாண்டி வாழும்; எந்தப் பிழைச் செய்தியும் வராது என்பதுதான் கொடுமை. பைத்தானில் நேர்மாறு. யூடிசிநவ் (உலகப் பொது நேரமான யூடிசியைத் தரும் கட்டளை) தரும் நேரத்தை அப்படியே டைம்ஸ்டாம்ப்பாக மாற்றினால், இந்திய நேரத்தில் ஓடும் கம்ப்யூட்டரில் ஐந்தரை மணி நேரம் பின்னால் போகும். 15 நிமிட டோக்கன் செத்தே பிறக்கும். அதே கோடு யூடிசியில் ஓடும் கிளவுட் சர்வரில் ஒழுங்காக வேலை செய்யும். பிறகு யாரைக் குறை சொல்வது?

ஒரே நீள டோக்கனா, ரெஃப்ரெஷ் ஜோடியா

சமவெளியில் எழுதிய பாடங்கள் மலையில் உதைக்கும் இடம் இதுதான். வழக்கமான ஏற்பாடு: ஒவ்வொரு கோரிக்கையிலும் காட்ட 15 நிமிட ஆக்செஸ் டோக்கன், அது முடிந்ததும் புதியது வாங்க 30 நாள் ரெஃப்ரெஷ் டோக்கன், ரெஃப்ரெஷை ஒருமுறை பயன்படுத்தியதும் பழையது செல்லாது. பழையது மறுபடி வந்தால் திருட்டு என்று கொண்டு எல்லாவற்றையும் ரத்து செய்வது. காகிதத்தில் அழகு. சோலூர்மட்டத்தில் என்ன ஆகிறது பாருங்கள். போன் ரெஃப்ரெஷ் அனுப்புகிறது, சர்வர் புதியதை உருவாக்கிப் பழையதை அடிக்கிறது, பதில் வரும் வழியில் சிக்னல் போய்விடுகிறது. போனில் இருப்பது பழையது மட்டும். இருபது நிமிடம் கழித்துச் சிக்னல் வந்ததும் அதையே அனுப்புகிறது. சர்வர் "திருடன்" என்கிறது. ஷெட்டில் இருந்து போன்: "அண்ணே, ஆப்பு வெளிய தள்ளிருச்சு. இங்க லைன்ல மூட்டையோட நிக்கிறாங்க."

பழையதற்கு 30 நொடி சலுகை கொடுப்பது பலருடைய வைத்தியம். இருபது நிமிடம் சிக்னல் இல்லாத ஊரில் 30 நொடி எதற்கு? சரியான வழி, புதிய டோக்கன் முதல்முறை பயன்படும்வரை பழையதை உயிரோடு வைப்பது. ஒவ்வொரு ரெஃப்ரெஷ் வரியிலும் "இதற்கு அடுத்தது எது", "அடுத்தது பயன்பட்டதா" என்ற இரண்டும் இருக்கட்டும். பழையது வரும்போது அடுத்தது இன்னும் பயன்படவில்லை என்றால், அந்த அடுத்ததைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று கொடுங்கள். பயன்பட்டிருந்தால் மட்டும் திருட்டு, ஒன்றிலிருந்து ஒன்றாக வந்த அந்த டோக்கன் குடும்பம் முழுவதையும் ரத்து செய்யுங்கள்.

போன் பக்கமும் ஒரு வேலை இருக்கிறது. சேர்த்து வைத்த பத்து எடைகள் ஒரே சமயத்தில் கிளம்பி, பத்துக்கும் 401 (டோக்கன் செல்லாது என்ற சர்வர் பதில்) வந்து, பத்தும் தனித்தனியாக ரெஃப்ரெஷ் கேட்டால் மேலே சொன்ன திருட்டு எச்சரிக்கை மறுபடி அடிக்கும். ரெஃப்ரெஷுக்கு ஒரு பூட்டு போட்டு, முதலாவது போகட்டும், மற்றவை அதன் பதிலுக்குக் காத்திருக்கட்டும். டோக்கன் காலாவதியை போன் கடிகாரத்தோடு ஒப்பிடாதீர்கள். கையால் நேரம் வைத்த போன்கள் ஏராளம். 401 வந்தால் ரெஃப்ரெஷ், அவ்வளவுதான். லாகின் போனாலும் அனுப்பாத எடைகள் போனில் அழியவே கூடாது. ஒவ்வொரு எடைக்கும் போனிலேயே ஒரு தனி அடையாள எண் கொடுத்தால், இரண்டு தடவை போய்ச் சேர்ந்தாலும் சர்வர் ஒன்றாகவே எண்ணும்.

இத்தனை வேலையும் பார்த்த பிறகு எங்கள் தீர்ப்பு: ஷெட் போனுக்கு ரெஃப்ரெஷ் ஜோடியே வேண்டாம். 30 நாள் ஒபேக் டோக்கன் ஒன்று, பயன்படப் பயன்படக் காலாவதி தள்ளிப் போகட்டும், ஆண்ட்ராய்டு கீஸ்டோரின் (போனிலேயே சாவிகளைப் பத்திரமாக வைக்கும் இடம்) சாவியால் பூட்டி வையுங்கள். போன் தொலைந்தால் ஆபீஸில் இருந்து ஒரு பொத்தான்.

ஆபீஸ் பிரவுசருக்கு டோக்கனைக் கையால் தூக்கிச் சுமக்கவே வேண்டாம். பிரவுசரின் லோக்கல் ஸ்டோரேஜில் வைத்தால் பக்கத்தில் நுழையும் எந்த ஸ்கிரிப்டும் படிக்கும். எச்டிடிபிஒன்லி (ஸ்கிரிப்ட் படிக்க முடியாது), செக்யூர் (எச்டிடிபிஎஸ்ஸில் மட்டும் போகும்), சேம்சைட் லாக்ஸ் (வேறு தளம் கிளப்பும் கோரிக்கையோடு பெரும்பாலும் போகாது) மூன்றும் போட்ட குக்கி போதும். எழுதும் கோரிக்கைகளுக்கு, வேறு தளம் உங்கள் பெயரில் அனுப்புவதைத் தடுக்கும் சிஎஸ்ஆர்எஃப் டோக்கனும் சேருங்கள். எடை மேடைக்கு ஏபிஐ கீ, அதாவது அதற்கென்று கொடுத்த ஒரு ரகசியச் சரம். ஒரே சமயத்தில் இரண்டு கீ செல்லும்படி வைத்தால், மாற்றும்போது எடை நிற்காது. எதையும் யூஆர்எல்லில் வைக்காதீர்கள், சர்வர் லாகில் அப்படியே பதியும்.

ஜேடபிள்யூடிக்கு உரிய இடம்

மழையில் மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்து ஃபைபர் அறுந்தால், வெளியே இருக்கும் மெயின் சர்வர் எட்டாது. ஆனால் சாயங்காலம் லாரியோடு வரும் போன்கள் ஃபேக்டரி வைஃபையில் இறக்கிவிட வேண்டும். சரிபார்க்க வேண்டியவரே துண்டிக்கப்பட்டிருக்கும்போது கணக்குப் புத்தகம் உதவாது, முத்திரைதான் உதவும். காலையில் இணைப்பு இருக்கும்போதே மெயின் சர்வர் ஒவ்வொரு போனுக்கும் 12 மணி நேர ஜேடபிள்யூடி ஒன்று கொடுத்துவிடட்டும். அது ஃபேக்டரி சர்வருக்கு மட்டும்.

இங்கே எச்எஸ்256 கூடாது. ரகசியத்தை ஃபேக்டரி கம்ப்யூட்டரிலும் வைத்தால் அங்கே உட்கார்ந்து யாரும் டோக்கன் அச்சடிக்கலாம். இஎஸ்256 எடுங்கள்: தனிச் சாவி மெயின் சர்வரிலேயே இருக்கும், ஃபேக்டரிக்குப் பொதுச் சாவி மட்டும் போகும். கையொப்பம் 86 எழுத்து. இதே வகையான 2048 பிட் ஆர்எஸ்256 என்றால் 342. ஃபேக்டரி சர்வர் அல்காரிதம், கொடுத்தவர், யாருக்கானது, காலாவதி நான்கையும் பார்க்க வேண்டும், கடிகார வித்தியாசத்துக்கு 60 நொடி விடலாம். வைஃபை உள்ளே இருந்தாலும் எச்டிடிபிஎஸ் வேண்டும். இந்த டோக்கன் யார் கையில் இருக்கிறதோ அவருக்கே சொந்தம்.

சாவி மாற்றும் நாளில் மட்டும் அவசரம் வேண்டாம். ஒவ்வொரு சாவிக்கும் ஒரு அடையாளம் கொடுத்து டோக்கன் தலைப்பில் சேர்த்துவிட்டு, புதிய பொதுச் சாவியை ஃபேக்டரிக்கு முதலில் அனுப்புங்கள், பிறகு அதைக் கொண்டு கையொப்பமிடத் தொடங்குங்கள், பழையதை 12 மணி நேரம் கழித்து எடுங்கள். முன்பே எடுத்தால், காலையில் டோக்கன் வாங்கிப் போன போன் சாயங்காலம் இலை லாரியோடு வந்து ஃபேக்டரி வாசலிலேயே நிற்கும்.