யோசெமிட்டி ஆற்றோர முகாம்கள்: அப்பர், லோயர், நார்த் பைன்ஸ் - குடும்பத்துக்கு எது, ஆர்விக்கு எது?

கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில், அதன் பள்ளத்தாக்குக்குள் ஆர்வியை (படுக்கை, சமையல் வசதி கொண்ட வீட்டு வண்டி) நிறுத்தி இரவு தங்க மூன்றே முகாம்கள்தான் உண்டு: அப்பர் பைன்ஸ், லோயர் பைன்ஸ், நார்த் பைன்ஸ். மூன்றும் சுமார் 4,000 அடி உயரத்தில், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்தே போகும் தூரத்தில் இருக்கின்றன. கழிப்பறை, குடிநீர்க் குழாய், மேசை, அடுப்புக் குழி எல்லாவற்றிலும் ஒரே மாதிரிதான். அதனால் கிடைத்ததைப் பிடித்துக்கொண்டு போய்விடுவோம் என்று தோன்றும். கைக்குழந்தையோ 36 அடி வண்டியோ கூட வந்தால் அந்தக் கணக்கு பொய்த்துவிடும்.

"எது ஆற்றுக்கு ரொம்பப் பக்கம்?" என்பதுதான் பெரும்பாலோரின் முதல் கேள்வி. அதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியவை இரண்டு. எந்த மாதம் போகிறீர்கள்? வண்டி எத்தனை அடி?

மாதத்தை முதலில் பார்ப்போம். முகாம்களை ஒட்டிப் போகும் மெர்சட் ஆற்றில் ஓடுவது சியரா மலைப்பனி உருகிய நீர். மே கடைசி, ஜூன் தொடக்கத்தில் வெள்ளம் உச்சத்தில் இருக்கும். அப்போது தண்ணீர் கையை வைத்தால் விரல் மரத்துப்போகும் குளிர்ச்சி, இழுப்பும் அதிகம். பகல் வெயிலில் உருகும் பனி மேலேயிருந்து இறங்கி வரப் பல மணி நேரம் ஆவதால், பள்ளத்தாக்கில் நீர்மட்டம் இரவில்தான் ஏறும். மாலை நான்கு மணிக்குப் பிள்ளைகள் விளையாடிய மணல் திட்டு காலையில் தண்ணீருக்கடியில் கிடக்கலாம். நாற்காலி, செருப்பு, மிதவை எதையும் கரையில் விட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். ஜூலை நடுவுக்குமேல் இதே ஆறு சாந்தமாகிவிடும். ஆகஸ்ட்டில் பல இடங்களில் முழங்கால் அளவுதான், மணற்கரைகளும் வெளியே வந்துவிடும். செப்டம்பரில் இன்னும் மெலிந்துவிடும்.

நடக்கத் தொடங்கிய குழந்தையோடு மே, ஜூனில் போகிறவர்களுக்கு ஆற்றங்கரை சைட் (ஒரு குழு தங்க முகாமில் ஒதுக்கும் தனி இடம்) பரிசு அல்ல, இரவும் பகலும் காவல் வேலை. அவர்களுக்கு அப்பர் பைன்ஸின் உள்வட்டத்து சைட்தான் சரி. மூன்றில் இதுதான் பெரியது, 200க்கும் மேற்பட்ட சைட்கள். பெரும்பாலானவை ஆற்றிலிருந்து விலகியே இருக்கின்றன. ஆற்றுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால் சில நிமிட நடைதான். வெர்னல் அருவிக்குப் போகும் பாதை தொடங்கும் ஹாப்பி ஐல்ஸ் இங்கிருந்து பக்கம். வருடம் முழுக்கத் திறந்திருப்பதும் இது ஒன்றுதான். குறை என்னவென்றால் நெருக்கம். பக்கத்து சைட்டில் பேசுவது இங்கே கேட்கும்.

லோயர் பைன்ஸும் நார்த் பைன்ஸும் ஆளுக்குச் சுமார் 75-80 சைட்கள் கொண்டவை. ஏறக்குறைய ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரைதான் இயங்கும். லோயர் பைன்ஸின் வடக்கு விளிம்பு ஆற்றை ஒட்டியது. மரங்கள் கொஞ்சம் விலகியிருக்கும் இடங்களில் ஹாஃப் டோம் பாறைச் சிகரம் நேராகத் தெரியும். ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளோடு ஜூலை கடைசியில் அல்லது ஆகஸ்ட்டில் போகும் குடும்பத்துக்கு இதைவிட நல்ல இடம் அந்தப் பள்ளத்தாக்கில் இல்லை. நார்த் பைன்ஸ் மெர்சட் ஆறும் டெனாயா ஓடையும் சேரும் முனையில் இருக்கிறது. ஏறக்குறைய மூன்று பக்கமும் தண்ணீர். ஓசைக்கும் தனிமைக்கும் அதுதான் முதலிடம். ஆனால் குதிரை லாயம் பக்கத்தில் இருப்பதால் அந்தப் பக்கத்து சைட்களில் சாண வாசனை வரும். கோடைத் தொடக்கத்தில் கொசுவும் உண்டு. ஆற்றோரத்தில் குளிர்காற்று வந்து தேங்குவதால் இரவில் உள்ளே இருக்கும் சைட்களைவிடக் கூடுதலாகக் குளிரும்.

ஆறு எவ்வளவு தூரம் ஏறும் என்பதற்கு 1997 ஜனவரி சாட்சி. அந்த வெள்ளத்தில் அடிபட்ட அப்பர் ரிவர், லோயர் ரிவர் என்ற இரண்டு முகாம்கள் அதன்பிறகு முகாம்களாகத் திறக்கப்படவே இல்லை.

இனி வண்டி. அப்பர் பைன்ஸில் ஆர்விக்கு 35 அடி, இழுத்துவரும் டிரெய்லருக்கு 24 அடி உச்ச வரம்பு. மற்ற இரண்டிலும் ஆர்விக்கு 40, டிரெய்லருக்கு 35. தவறு நடப்பது இங்கேதான். இது முகாமின் உச்ச வரம்பு. ஒவ்வொரு சைட்டுக்கும் தனி அளவு உண்டு, 40 அடி கொள்ளும் சைட்கள் மிகச் சிலவே. ரெக்ரியேஷன்.கவ் (Recreation.gov) முன்பதிவுத் தளத்தில் சைட்டைத் திறந்து வண்டி நீளம் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்த பிறகுதான் பணம் கட்ட வேண்டும். பின்னால் சைக்கிள் ஸ்டாண்ட் இருந்தால் அதையும் நீளத்தில் சேருங்கள். வாடகைக்குக் கிடைக்கும் 25 அடி ஆர்வி என்றால் மூன்று முகாம்களின் வரம்புக்குள்ளும் அடங்கும்.

மின்சார, தண்ணீர் இணைப்பு மூன்றிலும் கிடையாது. ஜெனரேட்டர் காலை 7-9, பகல் 12-2, மாலை 5-7 மட்டும். மைக்ரோவேவ், ஏசி எல்லாம் அந்த ஆறு மணி நேரத்துக்குள்தான். பைன் மர நிழலில் சோலாரை நம்ப முடியாது. ஹீட்டர் கேஸில் ஓடினாலும் அதன் காற்றாடி பேட்டரியில் ஓடுகிறது; இரவெல்லாம் போட்டுவிட்டால் விடியும்போது பேட்டரி செத்திருக்கும். கேஸ் ஃப்ரிட்ஜ் இருந்தால் வண்டி சமமாக நிற்க வேண்டும், சாய்ந்தால் குளிர்விக்காது. சக்கரத்துக்கடியில் வைக்கும் லெவலிங் கட்டைகள் இல்லாமல் கிளம்பாதீர்கள். கழிவுநீரை இறக்கும் டம்ப் ஸ்டேஷன் அப்பர் பைன்ஸில் இருக்கிறது. மற்ற இரண்டில் தங்குவோரும் அங்கேதான் போக வேண்டும். குளியலறை எந்த முகாமிலும் இல்லை, பக்கத்திலுள்ள கரி வில்லேஜ் தங்குமிட வளாகத்தில் காசு கட்டிக் குளிக்கலாம்.

இணைப்பு இல்லாமல் முடியாது என்பவர்கள் பூங்காவுக்கு வெளியே, 140ஆம் எண் நெடுஞ்சாலையில் எல் போர்ட்டல் பக்கம் தனியார் ஆர்வி பார்க் பார்க்கலாம். தினமும் உள்ளே ஓட்டிப் போய் வர வேண்டும். உயரம் குறைவென்பதால் ஜூலை, ஆகஸ்ட்டில் வெயில் வாட்டும். பெரிய வண்டிக்கு ஏற்றம் குறைந்த வழியும் இந்த 140தான்.

கரடி விஷயத்தில் கூடாரக்காரருக்கும் ஆர்விக்காரருக்கும் விதி வேறு. ஆர்வியில் ஜன்னல், கதவு, மேல்துளை எல்லாம் மூடியிருந்தால் சாப்பாட்டை உள்ளே வைக்கலாம். கூடாரத்திலும் இரவில் காரிலும் வைக்கவே கூடாது, சைட்டிலுள்ள இரும்புப் பெட்டியில்தான். பெட்டி சுமார் 45 அங்குல அகலம், 33 அங்குல ஆழம், 18 அங்குல உயரம். கூலர் வாங்கும்போதே உயரத்தை அளந்துகொள்ளுங்கள். ஊறுகாய் பாட்டில், சாம்பார் பொடி, பற்பசை, குழந்தையின் வைப்ஸ், பிஸ்கட் தூள் ஒட்டிய கார் சீட், எல்லாமே கரடிக்குச் சாப்பாடுதான். மாவை அங்கே புளிக்கவைக்கலாம் என்று நினைக்காதீர்கள், இரவுக் குளிரில் பொங்காது. வீட்டிலேயே புளித்ததைக் கூலரில் கொண்டு போங்கள். அந்த உயரத்தில் தண்ணீர் 96 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் பாத்திரத்தில் வடிக்கும் சோறு தாமதமாகும், குக்கர் கைகொடுக்கும். மே முதல் செப்டம்பர் வரை விறகுத் தீ மாலை 5 முதல் இரவு 10 வரைதான், ஆகவே காலைச் சமையலுக்குக் கேஸ் அடுப்பு வேண்டும்.

ஒரு சைட்டுக்குக் குழந்தைகளையும் சேர்த்து ஆறு பேர்தான். நண்பர் குடும்பத்தோடு எட்டுப் பேர் என்றால் இரண்டு சைட் போட வேண்டும். கோடைத் தேதிகள் ஒரு மாதத் தொகுப்பாக, ஏறக்குறைய ஐந்து மாதம் முன்பே, 15ஆம் தேதி பசிபிக் நேரம் காலை 7 மணிக்குத் திறக்கும். சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். முன்தினமே கணக்கில் நுழைந்து, வண்டி அளவுக்குப் பொருந்தும் நான்கைந்து சைட் எண்களை வரிசையாக எழுதி வையுங்கள். லோயர் பைன்ஸின் ஆற்றோர எண்கள் முதலில் போகும். அதையே துரத்திக்கொண்டிருக்காமல் இரண்டாவது முயற்சியிலேயே அப்பர் பைன்ஸுக்கு மாறிவிடுங்கள். கிடைக்காதவர்கள் பயணத்துக்கு முந்தைய இரண்டு வாரம் ரத்தாகும் சைட்களைத் தினமும் காலையில் பார்த்தால் ஓரிரண்டு இரவுகள் அகப்படும்.