நாகமறைக் கரை வீடு: முன்பணம் கொடுக்கும் முன் மேட்டூர் நீர்மட்டத்தைப் பாருங்கள்

பொங்கல் முடிந்து வருகிற முதல் சனிக்கிழமை என் கடைக்கு லீவு. தர்மபுரியில் மோட்டார் ரீவைண்டிங் செய்கிறேன். அன்றைக்கு யார் தோட்டத்து மோட்டார் புகைந்தாலும் திங்கட்கிழமை வரை பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். பாலிடெக்னிக்கில் ஒன்றாகப் படித்த ஐந்து பேர் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவோம். ஆரம்பத்தில் ஒகேனக்கல்தான் போனோம். அங்கே எண்ணெய் மசாஜுக்கும் செல்ஃபிக்கும் நடுவில் தக்கை அசைகிறதா என்று பார்க்கவே முடியவில்லை. நான்கு வருடமாக நாகமறைப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போகிறோம். அதைப் பற்றித்தான் இது.

மேட்டூர் அணை சேலம் மாவட்டத்தில் இருந்தாலும், நிரம்பினால் அதன் தண்ணீர் எங்கள் பென்னாகரம் தாலுகா வரைக்கும் வந்து நிற்கும். அந்த ஓரத்து ஊர் நாகமறை. எதிர்க்கரை பண்ணவாடி, அது சேலத்துக்காரர்களுடையது. தர்மபுரியிலிருந்து பென்னாகரம், ஏரியூர் வழியாகப் போக வேண்டும். சாமான் எல்லாவற்றையும் ஏரியூரிலேயே வாங்கிவிடுவது எங்கள் வழக்கம்.

வீட்டுக்குப் பெயர்ப்பலகை கிடையாது. ஓட்டு வீடு, இரண்டு அறை, தண்ணீரைப் பார்த்த மாதிரி நீளமான திண்ணை. உரிமையாளர் வெளியூரில் இருக்கிறார், போனில்தான் பேசுவார். பார்த்துக்கொள்வது பக்கத்திலேயே குடியிருக்கும் ஒரு அண்ணனும் அக்காவும். ஒரு ராத்திரிக்கு 4,500 ரூபாய் கொடுத்தோம். பரிசலுக்கும் சமையலுக்கும் தனி. அது தனி என்பதை உரிமையாளர் தானாகச் சொல்ல மாட்டார், நீங்கள்தான் கேட்க வேண்டும்.

அவர் அனுப்பும் படங்களில் திண்ணையிலிருந்து பத்தடியில் தண்ணீர் தளும்பும். பொய்ப் படம் இல்லை, ஆனால் அது அணை நிறைந்திருக்கும்போது எடுத்தது. மேட்டூரின் முழு மட்டம் 120 அடி. அது இறங்க இறங்கக் கரையும் வீட்டை விட்டுப் போய்க்கொண்டே இருக்கும். அந்தச் சரிவு ரொம்பத் தட்டை. இரண்டடி இறங்கினால்கூடத் தண்ணீர் கண்ணுக்குத் தெரிகிற தூரம் விலகிவிடும்.

2024 தையில் இதை நடந்தே தெரிந்துகொண்டோம். முந்தின அக்டோபரில் முப்பது அடி வரைக்கும் இறங்கிப்போயிருந்த அணை, தை மாதத்திலும் தேறவில்லை. காரை விட்டு இறங்கிப் பார்த்தால் திண்ணைக்கு எதிரே வெடித்த களிமண், அதற்கப்பால் யாரோ விதைத்திருந்த சோளம், ஆட்டுப்பட்டி, அதற்கும் அப்பால் வெள்ளிக் கம்பி மாதிரி ஒரு கோடு. "அதாண்ணா தண்ணி" என்றார் அண்ணன், ஏதோ அவர் குற்றம் போல. தூண்டில் பை, சாப்பாட்டு வாளி, மடக்கு நாற்காலி எல்லாவற்றையும் சுமந்துகொண்டு முக்கால் மணி நேரம் நடந்தோம். எங்களில் ஒருவன் செருப்பைச் சேற்றுக்குக் கொடுத்துவிட்டு வந்தான். வீட்டுக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரின் ஃபுட்வால்வு, அதாவது உறிஞ்சு குழாயின் அடிமுனை வால்வு, காய்ந்த மண்ணில் வாயைப் பிளந்து கிடந்தது. யாரோ கவனிக்காமல் சுவிட்சைப் போட்டிருக்கிறார்கள், சீல் போயிருந்தது. மீன் பிடிக்கப் போன இடத்தில் இரண்டு மணி நேரம் என் தொழிலைப் பார்த்தேன். வாடகையில் அதற்கு ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை.

அந்த வருடத்துக்கு ஒரே ஆறுதல், எதிர்க்கரை நந்தி. அணை கட்டியபோது மூழ்கிய பழைய பண்ணவாடியின் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி அது. 1934-ல் அணை கட்டி முடிந்ததிலிருந்து தண்ணீர் குறைகிற வருடங்களில் மட்டும்தான் தலையை வெளியே நீட்டும். பரிசலில் போய்ப் பார்த்தோம். காது மடிப்பில் நத்தை ஓடுகள் ஒட்டியிருந்தன. மீன் கிடைத்தது மொத்தம் நான்கு ஜிலேபி, உள்ளங்கை அளவு. நந்தியைப் பார்க்கப் போகிறவர்களுக்கு அப்படிப்பட்ட வருடம்தான் சரி. மீனுக்கு இல்லை.

2025 கதையே வேறு. டிசம்பர் கடைசியில் அணை மறுபடியும் 120 அடியைத் தொட்டிருந்தது. நாங்கள் போனபோது கொஞ்சம் இறங்கியிருந்தாலும், அதிகம் நடக்காமலே கரையில் உட்கார்ந்து தூண்டில் போட முடிந்தது. புல் மூழ்கிய இடத்தில் மீன் மேயும் என்று பரிசல்காரர் காட்டிக் கொடுத்தார். அணையில் மீன் பிடிக்க மீனவர்கள் மீன்வளத் துறையில் உரிமம் வாங்கியிருப்பார்கள். அண்ணன் அப்படிப்பட்ட ஒருவரோடுதான் அனுப்புவார், வலை கட்டிய பக்கம் வீச விட மாட்டார். இது எனக்குப் பிடித்த விஷயம்.

ரீல் தூண்டில் எல்லாம் எங்களிடம் உண்டு. ஆனால் அந்தக் கரைக்கு மூங்கில் கழியும் மயில் இறகுத் தண்டில் செய்த தக்கையும் போதும். அண்ணன் அந்தத் தண்டை ஒரு விரல் நீளத்துக்கு வெட்டி, நுனியில் சிவப்பு நெயில் பாலிஷ் தடவி, தங்கூசியில் (தூண்டில் நரம்பில்) இரண்டு முடிச்சில் கட்டிக் கொடுப்பார். முள்ளில் மைதாவும் கடலைப் புண்ணாக்கும் பிசைந்த உருண்டை. ஜிலேபி வந்தால் தக்கை சும்மா நடுங்கும், தந்தி அடிக்கிற மாதிரி. கெளுத்தி என்றால் ஒரே முழுக்கு. ரோகு அப்படி இல்லை. நிற்கிற தக்கை முதலில் மெதுவாக மேலே எழும்பிப் படுத்துக்கொள்ளும். கடிக்கவில்லை போலிருக்கிறது என்று நாம் பீடியைத் தேடுவோம். அப்புறம் படுத்தபடியே ஒரு பக்கமாக நகரும். அந்த நகர்வில் சுண்ட வேண்டும். நான் படுத்தபோதே சுண்டி மூன்று முறை வெறும் முள்ளைத் தூக்கினேன். "மச்சான், மோட்டார் ஸ்டார்ட் ஆகல" என்று சிரித்தார்கள். நான்காவது முறை மாட்டியது இரண்டு கிலோவுக்குக் குறையாது. அதற்கு அப்புறம் நடந்ததை வேறு யாரிடமாவது கேட்டால் என் கத்தல்தான் கதையாக வரும்.

சாப்பாட்டைப் பற்றி நான் நடுநிலையாக எழுத முடியாது. அக்கா மீனைக் கல் உப்புப் போட்டுச் சொரசொரப்பான பாறையில் தேய்த்து, அணைத் தண்ணீரிலேயே ஐந்து முறை அலசுவார். குழம்புக்குப் போன வருடத்துப் புளி, கறுத்துப்போனது. புதுப்புளி வந்துவிட்டாலும் மீனுக்குப் பழசுதான் என்பார். கூடவே கேழ்வரகுக் களி. எங்கள் கூட்டத்தில் ஒருவன் இப்போது பெங்களூருக்காரன் ஆகிவிட்டான், களியை மென்று தின்றான். "மெல்லாதப்பா, குழம்புல முக்கி முழுங்கு" என்று அக்கா சொன்னதும்தான் வழிக்கு வந்தான். ஐந்து பேருக்கு இரண்டு வேளைச் சமையலுக்கு 1,200 ரூபாய் வாங்கினார்கள். குறைவு என்றே சொல்வேன்.

குறைகள். ஐந்து பேருக்கு ஒரே கழிவறை, தாழ்ப்பாள் இல்லை, வெளியிலிருந்து பாட்டுப் பாடிக்கொண்டே இருக்க வேண்டும். தலையணைகளில் ஈர வாடை, வீட்டிலிருந்து கொண்டுபோங்கள். இன்வெர்ட்டர் இரண்டு மணி நேரம்தான் தாங்கும். ஒயரிங்கை நான் பார்க்காமல் இருந்திருக்கலாம், பார்த்துவிட்டேன். ஹீட்டர் கம்பி கொண்டுபோகாதீர்கள், அந்த பிளக் பாயிண்ட் அதைத் தாங்காது.

ஒன்றை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. பரிசலுக்கு மூன்று மிதவைச் சட்டைதான் வைத்திருந்தார்கள். ஒரு நடைக்கு மூன்று பேராகத்தான் போவோம் என்று நாங்கள் பிடிவாதம் பிடித்தோம், பரிசல்காரரும் ஒத்துக்கொண்டார். குழந்தைகளோடு போகிறவர்கள் இதை முன்பே பேசிக்கொள்ளுங்கள். சின்ன அளவுச் சட்டை அங்கே இல்லவே இல்லை.

நீர்மட்டம் தினமும் காலைப் பேப்பரில் வரும். என் கணக்குக்கு 110 அடிக்கு மேல் இருந்தால் போகலாம். நூறுக்குக் கீழே போனால் நாற்காலி சுமக்க ஆள் வேண்டும். ஜனவரி 28-ஆம் தேதி வரை டெல்டா பாசனத்துக்குத் தண்ணீர் விடுவார்கள் என்பதால், தையில் நாளுக்கு நாள் இறங்கத்தான் செய்யும். தள்ளிப் போடாமல் பொங்கல் ஒட்டியே போய்விடுங்கள்.

ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம். ஒன்று கழிவறைக்கும் மிதவைச் சட்டைக்கும் சேர்த்துக் குறைத்தது, அரை தலையணைக்கு. 2024-ல் தண்ணீர் இல்லாததற்கு நான் எதுவும் குறைக்கவில்லை. அதைக் கபினியிடமும் கிருஷ்ணராஜசாகரிடமும்தான் கேட்க வேண்டும்.