மலைப் பள்ளிக்கு டோக்குவிக்கி: தொடக்க வகுப்பில் எது உதவுகிறது, எது படுத்துகிறது

கோத்தகிரி, குந்தா, பந்தலூர் பக்கத்து ஈராசிரியர் பள்ளிகளில் விக்கி, அதாவது பலரும் சேர்ந்து எழுதித் திருத்தும் இணைப்புப் பக்கங்கள், வைத்துப் பாடம் நடத்த முடியுமா? முடியும். ஆனால் யாரோ நடத்தும் இணைய விக்கியை நம்பி இறங்க வேண்டாம். பள்ளிகளுக்கு இலவசமாக இடம் தந்துவந்த விக்கிஸ்பேசஸ் 2018இல் மூடப்பட்டது. அதில் எழுதி வைத்தவர்கள் அவசர அவசரமாகப் பக்கங்களை இறக்கி எடுக்க வேண்டியதாயிற்று. தேவாலாப் பக்கம் ஆடி மழையில் சிக்னல் நிற்பதில்லை என்ற சிக்கல் வேறு. வகுப்பறைக்குள்ளேயே ஒரு பழைய லேப்டாப்பில் ஓடும் விக்கிதான் நமக்குத் தோது. அந்த வேலைக்கு டோக்குவிக்கி நன்றாகப் பொருந்துகிறது. மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்குத் தயங்காமல் வைக்கலாம். அதற்குக் கீழே வேண்டாம். கை எழுத்தே படியாத வயதில் விசைப்பலகை எதற்கு?

2004இல் வெளிவந்த இலவச மென்பொருள் இது. டேட்டாபேஸ் கிடையாது. ஒவ்வொரு பக்கமும் ஒரு சாதாரண உரைக்கோப்பு, அவ்வளவுதான். அதனால் 2 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப்பில் லினக்ஸ் இயங்குதளம், பக்கங்களைப் பரிமாறும் அப்பாச்சி, விக்கியை இயக்கும் பிஎச்பி மூன்றையும் போட்டாலே ஓடும். வீடுகளில் தூங்கும் விலையில்லா மடிக்கணினிகூடப் போதும். மற்ற லேப்டாப்களும் டேப்லெட்களும் இதோடு பேச ஒரு சாதாரண வைஃபை ரவுட்டர் வேண்டும். அதற்கு இணைய இணைப்பு தேவையில்லை. விண்டோஸின் மொபைல் ஹாட்ஸ்பாட்டை நம்பாதீர்கள். பகிர்வதற்கு ஓர் இணைப்பு இல்லையென்றால் அது திறக்கவே மறுக்கும்.

ராஸ்பெரி பை என்ற கையடக்கக் கணினியை வாங்கலாமே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பை 4இல் கடிகார பேட்டரி இல்லை. இணையமும் இல்லாத இடத்தில் கரண்ட் போய் வந்தால், கடைசியாக அணைந்த நேரத்திலிருந்தே எண்ணத் தொடங்கும். திங்கட்கிழமை எழுதியது வெள்ளிக்கிழமைக் கணக்கில் பதிவாகும். தனியே கடிகார மாட்யூல் வாங்கிப் பொருத்த வேண்டும், இல்லையென்றால் தினமும் நேரத்தைக் கையால் சரிசெய்ய வேண்டும். திடீரென்று கரண்ட் போனால் மெமரி கார்டும் கெடலாம். பேட்டரி உள்ள பழைய லேப்டாப்பே மேல்.

நிறுவும்போது மூன்று விருப்பங்கள் வரும். உறுப்பினர் மட்டும் படிக்கவும் எழுதவும் கூடிய மூடிய விக்கியைத் தேர்ந்தெடுங்கள். வேலை முடிந்ததும் நிறுவல் கோப்பை அழித்துவிடுங்கள். பிஎச்பி அமைப்பில் நேர மண்டலத்தை ஆசியா/கொல்கத்தா என்று மாற்றாவிட்டால் எல்லாத் திருத்தமும் 5.30 மணி நேரம் பின்தங்கித் தெரியும். இன்னொன்று, பிஎச்பி இயல்பாக 2 எம்பிக்கு மேல் படம் ஏற்றவிடாது. போன் கேமரா படம் பெரும்பாலும் அதைத் தாண்டும். அதே அமைப்புக் கோப்பில் வரம்பை 8 எம்பி ஆக்குங்கள், மொத்தப் பதிவேற்ற வரம்பை அதைவிடச் சற்று கூட வையுங்கள்.

தமிழுக்கென்று செய்ய வேண்டிய மிக முக்கியமான மாற்றம் ஒன்று உண்டு. முதல் பக்கம் எழுதுவதற்கு முன்பே அதைச் செய்தாக வேண்டும். டோக்குவிக்கி பக்கத்தின் பெயரையே கோப்பின் பெயராக வைக்கிறது. இயல்பான அமைப்பில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும், அதாவது எழுத்து, புள்ளி, துணைக்கால், கொம்பு எல்லாம், தலைக்கு 9 இடம் பிடிக்கும். கோப்புப் பெயருக்கு உச்சவரம்பு 255. 'எங்கள் ஊர்த் தேயிலைத் தொழிற்சாலை' என்று ஒரு குழந்தை தலைப்பு வைத்தால் 29 குறி, 3 இடைவெளி, கோப்பு வால் (.txt) 4 என்று 268 ஆகிவிடும். எழுத முடியவில்லை என்று மட்டும் விக்கி சொல்லும், ஏன் என்று சொல்லாது. ஆசிரியர் கோப்பு அனுமதியில் கோளாறு என்று நினைத்து அரை நாள் தேடுவார். அமைப்புப் பக்கத்தில் கோப்புப் பெயர் குறியாக்கத்தை யூடிஎஃப்-8 என்று மாற்றினால் குறிக்கு 3 இடம்தான், அதே பெயர் 94க்குள் அடங்கிவிடும். பாதியில் மாற்றினால் பழைய பக்கங்கள் காணாமல் போனதுபோலத் தெரியும், அதனால்தான் முதல் நாளே செய்யச் சொல்கிறோம். இதோடு, இணைப்புகளில் முதல் தலைப்பைக் காட்டும் விருப்பத்தையும் இயக்கிவிடுங்கள். பக்கப் பெயர் 'தேயிலை' என்று சிறிதாக இருக்கலாம், உள்ளே தலைப்பு எவ்வளவு நீளமானாலும் சரி.

தட்டச்சில் வரும் தொல்லைகள் வேறு வகை. தமிழ்99 விசைப்பலகையில் சதுர அடைப்புக்குறி இருக்கும் இடத்தில் 'ச'வும் 'ஞ'வும் உட்கார்ந்திருக்கின்றன. இணைப்புக்காக [[ என்று தட்டினால் 'ச்ச' விழும். எனவே குறியைக் கையால் அடிக்கச் சொல்லாமல், மேலே உள்ள இணைப்புப் பொத்தானைப் பழக்குங்கள். 'கௌ' என்பதை 'கெ' போட்டு 'ள' அடித்தால் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். கணினிக்கு அது வேறு சொல், இணைப்பு போய்ச் சேராது. பத்தி தொடக்கத்தில் இடம் விட்டு எழுது என்று நாம்தானே நோட்டில் சொல்லிக் கொடுக்கிறோம்? இங்கே வரி தொடக்கத்தில் இரண்டு இடம் விட்டால் அந்த வரி பெட்டிக்குள் போய்விடும். பாட்டும் விடுகதையும் ஒரே வரியாக ஒட்டிக்கொள்ளும். வரி முடிவில் \\ போட்டு ஓர் இடைவெளியோ அடுத்த வரியோ விட்டால்தான் உடையும். இதையெல்லாம் ஒரு சார்ட்டில் எழுதி லேப்டாப்புக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுவது நல்லது.

இருபது குழந்தைக்கு மூன்று கணினி என்றால் இருவர் இருவராக உட்கார வைத்து, முறை வைத்து விடுங்கள்: ஒருவர் நோட்டில் எழுதியதை வாசிக்க, மற்றவர் தட்டட்டும். 40 நிமிடப் பீரியடில் மூன்று வாக்கியம் வந்தால் நிறைவு. எல்லோரையும் ஒரே பக்கத்தில் எழுதச் சொல்லிவிடாதீர்கள். ஒருவர் திருத்தும்போது அந்தப் பக்கம் முழுக்கப் பூட்டிக்கொள்ளும். சேமிக்காமல் மூடியைச் சாத்திவிட்டுப் போனால் பூட்டு 15 நிமிடம் நீடிக்கும். அமைப்பில் 900 நொடி என்று இருப்பதை 300 ஆக்கலாம். ஜோடிக்கொரு பக்கம், எல்லாவற்றுக்கும் இணைப்பு தரும் ஆசிரியர் பக்கம் ஒன்று என்று வைப்பது அதைவிட நல்லது. கணக்குகளும் ஜோடிக்கொன்றாக இருக்கட்டும், பெயருக்குப் பதில் வரிசை எண் போதும். முழு வகுப்புக்கும் ஒரே கணக்கு என்றால் பழைய திருத்தங்களில் யார் எழுதியது என்றே தெரியாது.

அந்தப் பழைய திருத்தங்கள் இருக்கின்றனவே, இந்தக் கருவியை வைக்கச் சொல்வதற்குப் பாதிக் காரணம் அதுதான். 'பணி விழுந்தது' என்று எழுதிய குழந்தை மூன்றாவது திருத்தத்தில் 'பனி' என்று தானே மாற்றியதை இரண்டு பதிப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். சிவப்பு மையில் சுழித்த நோட்டில் இது கிடைக்காது. இன்னொரு பயன்: எல்லா எழுத்தையும் அழித்துவிட்டுச் சேமித்தால் பக்கமே நீங்கிவிடும், குழந்தைகள் இதைச் செய்யத்தான் செய்வார்கள். பதற வேண்டாம், பழைய பதிப்பைத் திறந்து மீட்டுக்கொள்ளலாம்.

மீதிப் பாதி, சிவப்பு இணைப்பு. இன்னும் எழுதப்படாத பக்கத்துக்கான இணைப்பு சிவப்பாக நிற்கும். 'உறைபனி' பக்கத்தில் ஒரு ஜோடி 'உருளைக்கிழங்கு' என்று இணைப்பு கொடுத்தால், அடுத்த வாரம் யாராவது அதை எழுதியாக வேண்டும். வீட்டில் கேட்டு வரச் சொல்வதற்கு இதைவிட நல்ல சாக்கு இல்லை. ஊர் என்பதைப் படுகர் ஹட்டி என்பார்கள், தோடர் மந்து என்பார்கள், கோத்தர் கோக்கால் என்பார்கள். இந்த மூன்றையும் தமிழோடு சேர்த்து அட்டவணையாகப் போட்டாலே நல்ல ஒரு பக்கம். பாடநூல் தராத பக்கம் அது, அந்த வகுப்பறையில் மட்டும்தான் எழுத முடியும்.

குறை என்றால், மெனுவின் தமிழாக்கம் முழுமையில்லை, நடுநடுவே ஆங்கிலம் எட்டிப் பார்க்கும். படத்தை வேண்டிய இடத்தில் நிறுத்துவதும் சிறு கைகளுக்குச் சிரமம். அதை ஆசிரியரே செய்வது நல்லது. தமிழ் விக்கிப்பீடியாவை இணையமின்றிப் படிக்கக் கிவிக்ஸ் என்ற மென்பொருள் இருக்கிறது, ஆனால் முதல் பருவத்தில் அதைத் திறந்து வைக்காதீர்கள். அப்படியே பார்த்து எழுதத் தொடங்கிவிடுவார்கள். சொந்த வாக்கியம் பழகிய பிறகு ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுக்கலாம்.

வெள்ளிக்கிழமை மாலை தரவு (data), அமைப்பு (conf) என்ற இரண்டு கோப்புறைகளையும் பென் டிரைவில் நகலெடுங்கள். டேட்டாபேஸ் இல்லாததால் அதுவே முழு பேக்கப். மழைக்காலத்தில் லேப்டாப்பைச் சுவரோரப் பீரோவில் பூட்டி வைக்காதீர்கள். ஈரம் ஏறும். விடுமுறையிலும் வாரம் ஒருமுறை சார்ஜ் போட்டு ஓடவிடுங்கள்.